குரல் தாழ்த்தாத அன்ரி

அன்ரிக்கு ஒரேயொரு சத்தம்தான் உண்டு. கூட்டவும் தெரியாது, குறைக்கவும் தெரியாது. கோயிலிலும் அதே சத்தம், செத்த வீட்டிலும் அதே சத்தம். ஒருமுறை அவரை இங்கே சிட்னியில், வெஸ்ட்மீட்டில் ஒரு டொக்டரிடம் கூட்டிப்போனேன். என்ன பிரச்சினை என்று வரவேற்பில் இருந்த பெண் கேட்டாள். ஒரு கிழமையாக வயிற்றால் போகவில்லை என்று அன்ரி ஆங்கிலத்தில் சொன்ன சொல்லில், மூலையில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் பேப்பரைத் தாழ்த்தி எங்களைப் பார்த்தார். எனக்கு எங்கே போய் ஒளிப்பது என்று தெரியவில்லை.

"என்ன பிள்ளை முழிக்கிறீர்? அவருக்கும் குடல் இருக்குத்தானே" என்றார் அன்ரி. அதுவும் அதே சத்தத்தில்தான்.

எங்கள் சனம் இதற்கு நேர் எதிர். எங்களுக்குக் கான்சர் கான்சர் அல்ல, "அந்த வருத்தம்". புருசன் பெண்சாதி பிரிந்தால் "அவை இப்ப கொஞ்சம் தள்ளி இருக்கினம்". பிள்ளை பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டால் "ஒரு வருசம் றெஸ்ட் எடுக்கிறான்". இப்படிப்பட்ட ஊரில் அன்ரி ஒரு கூட்டத்துக்கு வந்தால் ஆளுக்காள் தங்கள் கதைகளை இழுத்து மூடிக்கொள்வார்கள். நானும் மூடியிருக்கிறேன்.

டூங்கபியில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி, பின்வளவில் கட்டிய ஒரு சின்ன வீட்டில் அன்ரி தனியாக இருந்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். கல்யாணம் செய்து, கைக்குழந்தையோடு அமெரிக்கா போய், இலினோய் மாநிலத்தில் சோளக் காட்டுக்கு நடுவே இருந்த ஒரு பல்கலைக்கழக ஊரில் பாதி வாழ்க்கையைக் கழித்தவர். கணவர் இறந்தபின் தங்கையோடு இருப்பதற்காகச் சிட்னிக்கு வந்தார். தங்கையும் போய்ச் சேர, அந்தச் சின்ன வீட்டில் இவர் மட்டும் மிஞ்சிவிட்டார். மகன் கொழும்பில் கொம்பனி வைத்திருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் அன்ரியும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் ஊருக்கே கேட்கச் சொல்பவர் மகனைப் பற்றி மட்டும் ஏன் சொல்வதில்லை என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அமெரிக்காவில் அவருக்கு விதை பரிசோதிக்கும் ஆய்வுகூடத்தில் வேலை. விவசாயிகள் அனுப்பும் விதையை வெள்ளைத் தாளில் பரப்பி, அதிலிருக்கும் களை விதைகளைப் பொறுக்கி எடுப்பது. அந்தப் பழக்கத்தில் எங்கள் குசினிக்குள் வந்தாலும், கதைத்துக்கொண்டே என் பருப்புத் தட்டை இழுத்துக் கல் பொறுக்கத் தொடங்கிவிடுவார். சுப்பர்மார்க்கெட் பருப்பில் கல் ஏது? அது அவருக்கு முக்கியமில்லை.

எங்கள் புது வீட்டுக் குடிபூரலுக்கு அன்ரி ஒரு கிண்ணம் சம்பலோடு வந்தார்.

"எள்ளுச் சம்பலோ அன்ரி?" என்று யாரோ கேட்டார்கள்.

"இல்லை. கஞ்சா விதைச் சம்பல்."

நீண்ட கைகளெல்லாம் பின்னால் போயின. "சுப்பர்மார்க்கெட்டில வாங்கினது. சாப்பிடுங்கோ, ஒண்டும் ஏறாது, விதையில வெறி இல்லை" என்று அன்ரி சொல்லச் சொல்ல, என் கணவரின் அம்மா, அதாவது என் மாமி, அந்தக் கிண்ணத்தை மெல்லத் தூக்கிக் குளிர்பெட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். மாமியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அன்ரிக்கு ஒரு சத்தம் என்றால் மாமிக்குச் சத்தமே கிடையாது. வீட்டில் உப்பு முடிந்துவிட்டது என்பதைக்கூட என் காதுக்குள்தான் சொல்வார்.

கிண்ணத்தைத் தேடியபடியே அன்ரி அன்று கஞ்சாவின் கதை முழுவதையும் சொல்லி முடித்தார்.

"அமெரிக்காவில ஒரு காலத்தில கப்பல் கயிறு, பாய்ச்சீலை எல்லாம் இந்தச் செடியின்ர நார்தான். மருந்துக்கடையில போத்தலில போட்டு வித்தவங்கள். பிறகு கூடாது எண்டு மறிச்சாங்கள். பிறகு ரண்டாம் உலக யுத்தம் வந்திட்டுது. பிலிப்பைன்சில இருந்து வந்த நார் நிண்டு போச்சு. உடன அதே அரசாங்கம் வந்து, நாட்டுக்காக நடுங்கோ எண்டு கமக்காரருக்கு விதை குடுத்தது. எங்கட பக்கத்து வீட்டுக் கிழவர் சின்னனா இருக்கேக்க தேப்பனோட சேர்ந்து நட்டவர். யுத்தம் முடிய நிப்பாட்டுங்கோ எண்டாங்கள். மனுசர் நிப்பாட்டிட்டினம். செடிக்கு ஆர் சொல்லுறது? வாய்க்கால் கரை முழுக்கத் தன்ர பாட்டில நிக்கும். கோடைக்குக் கோடை பொலிஸ் வந்து பிடுங்கும். வேலைக்குப் போற வழி எல்லாம் அந்த மணம்தான்."

"இப்ப?" என்று என் கணவர் கேட்டார்.

"இப்ப லைற் போட்டுக் கடை. முதல் நடு எண்டாங்கள், பிறகு நட்டால் மறியலில போடுவம் எண்டாங்கள், இப்ப நட்டால் வரி கட்டு எண்டுறாங்கள். செடி அதே செடி, தம்பி."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. நாங்கள்தான் சிரித்தோம்.

இரண்டு வருடம் கழித்து மாமிக்கு மார்பில் கான்சர் வந்தது. சிகிச்சை பலித்தது. ஆனால் மருந்து ஏற்றியதில் பாதத்து நரம்புகள் கெட்டுப்போய், நிலத்தில் கால் வைத்தால் நெருப்பில் வைப்பதுபோல எரிந்தது. போர்வை பட்டாலும் நோகும். வழமையான குளிசைகள் ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் வலிக்கென்று இருக்கும் டொக்டர் மருத்துவக் கஞ்சா எண்ணெய் கொடுத்துப் பார்க்கலாம் என்றார். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று முதலிலேயே கேட்டிருந்தார்கள். "மகன் இருக்கேக்க என்னத்துக்கு?" என்று மாமிதான் வேண்டாம் என்றிருந்தார்.

மகன் மொழிபெயர்த்தார்.

"அம்மா, டொக்டர் ஒரு மூலிகை எண்ணெய் தாறாராம்."

"மூலிகையோ? எங்கயிருந்து வாறது?"

என் கணவர் கொஞ்சம் யோசித்தார். "கேரளா."

அம்மாவுக்குச் சம்மதம்தானே என்று டொக்டர் கேட்டார். மாமி அவரைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினார். கஞ்சா என்ற சொல் காதில் விழுந்தால் அவர் அந்தப் போத்தலைத் தொடவே மாட்டார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். வீட்டுக்கு வந்து வெந்நீரில் ஊறவைத்து லேபிளைக் கழற்றினோம்.

எண்ணெய் வேலை செய்தது. முதலில் நித்திரை வந்தது. பிறகு மாமி சப்பாத்துப் போட்டார். பிறகு தெருமுனை வரை தனியாக நடந்து போய் வந்தார். நாங்கள் நினைத்துப் பார்க்காத ஒன்றும் நடந்தது: நல்ல மருந்து கிடைத்தால் எங்கள் ஆட்களால் சும்மா இருக்க முடியாது, நாலு பேருக்குக் கொடுக்க வேண்டும். மாமி எங்களுக்குத் தெரியாமல் ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் ஊற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். கோயில் கன்ரீனில் மாமி, முழங்கால் நோக்காரியான அவருடைய சிநேகிதி, அன்ரி மூவரும் ஒரு மேசையில் இருந்தார்கள். நான் தோசைக்கு வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தபோது, சிநேகிதி அண்ணாந்து வாயைத் திறந்துகொண்டிருக்க, மாமி அவர் நாக்குக்குக் கீழே சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தார்.

அன்ரி போத்தலை வாங்கி மூக்கருகே பிடித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். என் முகம் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும்.

"காரிலயோ வந்தனீர்?" என்று சிநேகிதியைக் கேட்டார்.

"ஓம். ஏன்?"

"காரின்ர திறப்பைத் தாரும். நீர் இப்ப கார் ஓடக் கூடாது. இது கஞ்சா எண்ணெய். வழியில பொலிஸ் மறிச்சு எச்சிலைச் சோதிச்சால் பிடிபடும். டொக்டர் எழுதித் தந்தவைக்கே இந்த ஊரில மன்னிப்பில்லை. உமக்கு ஆரும் எழுதித் தரவுமில்லை."

கன்ரீனில் வடை பொரித்துக்கொண்டிருந்தவர் உட்பட எல்லோரும் திரும்பினார்கள். சிநேகிதி கைப்பையால் வாயைப் பொத்தினார். மாமி என்னைப் பார்க்கவில்லை, அன்ரியையும் பார்க்கவில்லை. தன் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிநேகிதியின் காரை ஓட்டிப்போய் அவர் வீட்டில் விட்டேன். வழி முழுக்க அவர் கைப்பையை வாயிலிருந்து எடுக்கவேயில்லை.

அன்று வீட்டில் மாமி சத்தம் போடவில்லை. மகனைக் கூப்பிட்டு மெதுவாக ஒன்றே ஒன்று சொன்னார். "முருகனுக்கு முன்னால நான் கஞ்சாவோட போய் நிண்டிருக்கிறன். நீயெல்லோ நிக்க வைச்சனீ." அறைக்குள் போனவர் எண்ணெயைத் தொடவில்லை. எரிச்சல் திரும்பி வந்தது. பாதங்களை மெத்தைக்கு வெளியே தொங்கப்போட்டபடி கிடந்தார். கோயில் என்ற பேச்சே இல்லை.

நான் அன்ரியிடம் சண்டைக்குப் போனேன்.

"மெதுவாச் சொல்லியிருக்கலாம்தானே அன்ரி? இப்ப அவ மருந்தும் இல்லாமல், ஆக்களும் இல்லாமல் கிடக்கிறா."

"மெதுவாச் சொன்ன கதைதான் பிள்ளை கனதூரம் போறது."

"உங்களுக்கென்ன, சொல்லிப்போட்டுப் போயிடுவியள். வெக்கப்படுறது அவவெல்லோ?"

அன்ரி மேசையில் கிடந்த ஏதோ ஒரு துணுக்கை விரலால் தள்ளித் தள்ளி வைத்தார். அன்ரி பேசாமல் இருந்து நான் பார்த்தது அப்போதுதான்.

"வெள்ளிக்கிழமை வாறன். அவவை வெளிக்கிடச் சொல்லும்" என்றார்.

வெள்ளிக்கிழமை மாமி வரமாட்டேன் என்றார். அன்ரி கதிரையை இழுத்துப் போட்டு அறை வாசலில் இருந்துகொண்டார். "அப்ப நானும் போகேல்லை. மத்தியானமும் சாப்பிடேல்லை. கன்ரீன் தோசை எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தன். பரவாயில்லை, பசியோட கிடக்கிறன்." வீட்டுக்கு வந்த மனுசி பசியோடு இருப்பதை மாமியால் தாங்க முடியாது. கொஞ்ச நேரத்தில் சேலை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். சப்பாத்துப் போட முடியாமல் ரப்பர்ச் செருப்போடு வந்தார்.

கன்ரீனில் நாங்கள் இருந்த மேசைக்கு அடுத்த மேசை மெல்லக் காலியானது. அதற்கு அடுத்த மேசையில் தலைகள் ஒன்று சேர்ந்தன. மாமி தோசையைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டாரே தவிர வாயில் வைக்கவில்லை. நான் எழும்பிப் போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அன்ரி யாரையும் பார்க்காமல் தொடங்கினார்.

"எனக்கு ஒரு மகன் இருக்கிறான்."

"தெரியும்தானே அக்கா" என்றார் மாமி, வழமைபோல மெதுவாக. "கொழும்பில கொம்பனி வைச்சிருக்கிறார்."

"கொம்பனி இல்லை. அது நான் சொன்ன பொய்."

அந்த நேரம் பார்த்து உள்ளே பூசை மணி அடிக்கத் தொடங்கியது. யாராக இருந்தாலும் மணி ஓயும் வரை நிறுத்தியிருப்பார்கள். அன்ரி நிறுத்தவில்லை.

"படிக்கேக்க கஞ்சாவோட பிடிபட்டவன். தனக்கும் கூட்டாளிமாருக்கும் எண்டு சேர்த்து வாங்கி வைச்சிருந்தவன். விக்கிறதுக்கு எண்டு வழக்குப் போட்டாங்கள். நாங்கள் அப்ப கிறீன் கார்ட்தான், பிரசையில்லை. மறியலில வைச்சிட்டு, கொழும்புக்குப் பிளேன் ஏத்தி விட்டிட்டாங்கள். கைக்குழந்தையாக் கொண்டு போன பிள்ளை. அவனுக்குத் தமிழில ஒரு விலாசம் கேக்கத் தெரியாது. அங்க யுத்தம் வேற. சந்திக்குச் சந்தி மறிச்சு, நீ ஆர் எண்டு கேட்டால் இங்கிலிசில மறுமொழி சொல்லியிருக்கிறான். இப்ப அங்க இலினோயில, அவன் பிடிபட்ட அதே ஊர்ச் சந்தியில அதே சாமானுக்குக் கடை இருக்கு. பில் போட்டுக் குடுக்கிறாங்கள். என்ர பிள்ளை திரும்பிப் போகேலாது."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. வடைச் சட்டிக்குக் கீழே அடுப்பை யாரோ அணைத்தார்கள்.

"அது அரசாங்கம் செய்தது. நான் செய்ததையும் கேளும். சனத்துக்கு என்ன சொல்லுறது எண்டு தெரியாமல், அவன் கொழும்பில கொம்பனி தொடங்கப் போயிட்டான் எண்டு சொன்னன். மெதுவாத்தான் சொன்னன், ஒவ்வொருத்தரா, ஒவ்வொரு காதா. ஒரு கலியாண வீட்டில சொந்தக்காரர் எல்லாரும் அவனுக்குக் கை குடுத்து, கொம்பனி எப்பிடிப் போகுது எண்டு கேட்டிருக்கினம். அண்டைக்கு எனக்கு ஃபோன் எடுத்தான். 'அந்தக் கொம்பனிக்காரன் ஆரம்மா? உங்களுக்கு அவனைத்தான் பிடிச்சிருக்குப் போல' எண்டான். அதோட சரி. பிடிபட்டதுக்கு அவன் ஒரு நாளும் அழேல்லை. நான் ஒளிச்சதுக்குத்தான் அழுதவன். அதுக்குப் பிறகு நான் ஒண்டையும் மெதுவாச் சொல்லுறதில்லை. இது ஒண்டைத்தான் சொல்லாமலே வைச்சிருந்தன்."

மணி நின்றது. அன்ரி மாமியின் பக்கம் திரும்பினார்.

"நீர் டொக்டர் தந்த மருந்தைக் குடிச்சனீர். உமக்கென்ன வெக்கம்? சாப்பிடும், ஆறுது."

மாமி சாப்பிட்டார். நானும் குனிந்து சாப்பிட்டேன், கண்ணீர் சாம்பாரில் விழாமல் பார்த்துக்கொள்வது பெரும் பாடாக இருந்தது. தள்ளியிருந்த மேசையிலிருந்து முழங்கால் நோக்காரி ஒரு தேத்தண்ணியை எடுத்துவந்து அன்ரியின் முன்னால் வைத்துவிட்டுத் தன் மேசைக்குத் திரும்பினார்.

வீட்டுக்கு வரும் வழியில் காரின் பின் இருக்கையிலிருந்து மாமி கேட்டார்: "பிள்ளை, அந்தப் போத்தல் எங்க?"

கேட்டதோடு ஒரு நிபந்தனையும் போட்டார். இனி வரும் போத்தலில் லேபிள் கழற்றக் கூடாது. அடுத்த முறை டொக்டரிடம் போனபோது மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தானே கேட்டு, மகனை வெளியே கதிரையில் இருக்க வைத்துவிட்டார். என் கணவருக்கு அது இன்றைக்கும் ஆறவில்லை. நல்லாய் வேணும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அன்ரியின் பக்கம்தான் ஒன்றும் சரிவரவில்லை. ஞாயிறுகளில் மகனுக்கு ஃபோன் எடுப்பார். மகன் வெயில், மழை என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு வைத்துவிடுவார். "சனத்துக்குச் சொல்லிப்போட்டன் எண்டு அவனுக்குச் சொல்ல வேணும் பிள்ளை. தொடங்க முதலே வைச்சிடுறான்" என்று என் குசினியில் பருப்புப் பொறுக்கியபடி சொல்வார். ஊருக்கே கேட்கும் அந்தக் குரல் போய்ச் சேர வேண்டிய ஒருவருக்குப் போய்ச் சேரவில்லை.

போன குளிர்காலம் அன்ரி நித்திரையிலேயே போய்விட்டார். இருதயம் என்றார்கள். மகன் விசா எடுத்து வந்து சேர்ந்தார். தலை நரைத்து, அன்ரியின் அதே தாடையோடு, இரவல் வேட்டியில் நின்றார். தகனம் முடிந்து மண்டபத்தில் எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தார்கள். அவர் ஒரு மூலையில் பேப்பர்க் கப்பைப் பிடித்தபடி தனியாக இருந்தார். அவரைச் சுற்றி ஒரு கதிரை இடைவெளி விட்டு, எங்கள் சனம் தங்களுக்குத் தெரிந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. கிசுகிசு, கிசுகிசு. அவர் அதைக் கேட்காதவர்போல் இருந்தார். அதில் அவருக்கு நிறைய அனுபவம் இருந்திருக்கும்.

மாமி எழும்பிப் போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தார். அது மாமியின் மருந்து நேரம். கைப்பையைத் திறந்து, விபூதிப் பொட்டலத்தை ஒதுக்கி, போத்தலை எடுத்தார். நாக்குக்குக் கீழே விட்டுக்கொண்டு வாயை மூடியபடி இருந்தார். எண்ணெய் ஊறும்வரை பேசக் கூடாது. லேபிளை வாசித்த அன்ரியின் மகன் திகைத்துப்போய் மாமியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமியோ, கொஞ்சம் பொறுங்கோ என்று கையைக் காட்டிவிட்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு விழுங்கிவிட்டுச் சொன்னார்.

"தம்பி, உங்கட அம்மா உங்களைப் பற்றி எங்களுக்கெல்லாம் சொன்னவ."

மாமியின் வாயிலிருந்து அப்படியொரு சத்தம் வந்து நான் கேட்டதில்லை. மண்டபத்தில் கிசுகிசு நின்றுபோனது.

"தெரியும் அன்ரி" என்றார் அவர். கொழும்பில் பழகிய தமிழ், உள்ளே அமெரிக்கா இன்னும் கொஞ்சம் இருந்தது. "என்ர கொம்பனியைப் பற்றித்தானே?"

"கொம்பனியோ? அப்பிடி ஒண்டும் இல்லையாமே. நீங்கள் கஞ்சாவோட பிடிபட்டது, உங்களைப் பிளேன் ஏத்தினது, தான் பொய் சொன்னது, நீங்கள் அழுதது. எல்லாம் சொன்னவ. கோயில் கன்ரீனில வைச்சு, எல்லாருக்கும் முன்னால சொன்னவ."

அவர் கப்பை நிலத்தில் வைத்தார். வைத்த கையை எடுக்காமல் குனிந்தபடியே இருந்தார். தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"மெதுவாவோ சொன்னவ?"

"மெதுவாவோ?" என்றார் மாமி. "பூசை மணி அடிச்சுக்கொண்டிருந்தது தம்பி. எங்களுக்கு மணி கேக்கேல்லை."